ஷென்சென் நகரில் முதியவர்கள் எங்கே?

இரவு பத்தரை மணி. சீனாவின் ஷென்சென் நகரில், ஃபூத்தியன் வட்டாரத்து ரயில் நிலையம் ஒன்றின் வாசலில் அம்மாவும் நானும் நின்றுகொண்டிருந்தோம். என் கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்துபோயிருந்தது. விடுதியின் சீனப் பெயர், முகவரி, வரைபடம், பணம் எல்லாம் அதற்குள்தான். பக்கத்துக் கடை வாசலில் வாடகைக்குப் பவர்பேங்க் தரும் பெட்டி ஒன்று இருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் கைப்பேசியால் கியூஆர் குறியீட்டை வருட வேண்டும். செத்துக் கிடக்கும் கைப்பேசிக்கு உயிர் கொடுக்க இன்னொரு கைப்பேசி தேவைப்பட்டது.

அம்மாவின் கைப்பையில் 800 யுவான் ரொக்கம் இருந்தது. “காசுதான் இருக்கேம்மா, ஒரு டாக்சிய நிறுத்து,” என்றார். வந்த டாக்சிகள் பெரும்பாலும் செயலிவழி அழைக்கப்பட்டவை. நின்ற ஒரு டாக்சியின் ஓட்டுநரிடமும் எங்கே போக வேண்டும் என்று சொல்ல எங்களுக்கு மொழி இல்லை.

எங்களைக் கவனித்துக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டடத்தின் காவலர் கையசைத்துக் கூப்பிட்டார். தமது மேசைக்குப் பின்னாலிருந்த மின்னூட்டியில் என் கைப்பேசியைச் செருகினார். அம்மாவுக்கு நாற்காலி போட்டார், காகிதக் குவளையில் சுடுநீர் கொடுத்தார். கைப்பேசி விழித்ததும் மொழிபெயர்ப்புச் செயலியில் பேசிக்கொண்டோம். அவர் ஹுனான் மாநிலத்துக்காரர். அம்மாவின் வயதைக் கேட்டார். 63 என்றதும், தம் தாயாருக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான் என்றார். தாயார் ஊரில் இருந்தபடி பேத்தியை வளர்க்கிறார். ஒருமுறை ஷென்சென் வந்தவர், மகன் வேலைக்குப் போன நேரத்தில் தனியாகக் காய்கறி வாங்கக்கூடச் சிரமப்பட்டுப் பத்தே நாளில் ஊர் திரும்பிவிட்டாராம்.

விடுதிக்கு நடந்து போகும்போது அம்மா கேட்டார்: “மூணு நாளா பாக்குறேன். இந்த ஊர்ல வயசானவங்களே அதிகமா கண்ணுல படலியே. எல்லாரும் எங்கம்மா இருக்காங்க?”

பயணம் முடிந்து வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஷென்சென் நகரைப் புரிந்துகொள்ள மட்டுமன்றி, அந்த நகரைப் பார்த்து நாம் எதைக் கற்கலாம், எதில் நிதானிக்க வேண்டும் என்பதற்கும் அதுவே சரியான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டு அவசரப் பதில்கள்

சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் இடையே 30 நாள் வரையிலான விசா விலக்கு 2024 பிப்ரவரி 9ஆம் தேதி நடப்புக்கு வந்தது. நான்கு மணி நேர விமானப் பயணம். சீன மொழி தெரியாத நம் குடும்பங்களும் இப்போது பள்ளி விடுமுறைக்குச் சீன நகரங்களைத் தேர்ந்தெடுக்கின்றன. உறவினர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஆளில்லா வானூர்தி உணவு கொண்டுவரும் காணொளிகள் வலம்வருகின்றன.

போய் வந்தவர்களிடம் “எப்படி இருந்தது?” என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் கிடைக்கின்றன. “நம்மைவிட இருபது ஆண்டு முன்னால் இருக்கிறார்கள்” என்பது ஒன்று. “எல்லாம் வெளிப்பூச்சு” என்பது மற்றொன்று. இரண்டையும் ஐந்து நாள் பயணத்தில் சொல்லிவிட முடியும். இரண்டுக்குமே அந்த நகரத்து மக்களைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

தமிழில் சீனச்சட்டி, சீனவெடி என்று சீனா பொருள்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. இன்று நம் கைப்பேசிக்குள் இருக்கும் பாகங்களும் சாலையில் ஓடும் மின்கார்களும் அந்த வரிசையில் சேர்ந்துள்ளன. பொருளைத் தெரிந்த அளவுக்கு அதைச் செய்பவர்களை நமக்குத் தெரியாது.

மீன்பிடிக் கிராமம் என்ற கதை

ஷென்சென் பற்றிய எந்தக் கட்டுரையும் “ஒரு மீன்பிடிக் கிராமம் மாநகரமான கதை” என்றே தொடங்கும். அது முழு உண்மையன்று. 1979ல் ஷென்சென் என்று பெயர் மாற்றப்பட்ட பாவ்ஆன் மாவட்டத்தில் அப்போதே ஏறத்தாழ 300,000 பேர் வாழ்ந்தனர். அங்குள்ள நான்தோவ் பழைய நகரின் வரலாறு 1,700 ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்கிறது. வெறும் கிராமம் என்று சொன்னால் சாதனை பெரிதாகத் தெரியும். ஏற்கெனவே அங்கு வாழ்ந்தவர்கள் கதையிலிருந்து காணாமல் போய்விடுவார்கள்.

ஆனாலும் வளர்ச்சியின் வேகத்தை யாரும் மறுக்க முடியாது. 1980 ஆகஸ்ட் மாதம் சிறப்புப் பொருளியல் வட்டாரமாக அறிவிக்கப்பட்ட இடம், 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 17.56 மில்லியன் பேர் வாழும் நகரம். ஹுவாவெய், டென்சென்ட், பிஒய்டி, டிஜேஐ ஆகிய நிறுவனங்கள் எல்லாம் இங்கே பிறந்தவை. 599 மீட்டர் உயரமுள்ள பிங் ஆன் நிதி நிலையக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது.

இந்தக் கதையில் சிங்கப்பூருக்கும் இடம் உண்டு. 1978 நவம்பரில் டெங் சியாவ்பிங் சிங்கப்பூர் வந்து லீ குவான் இயூவைச் சந்தித்தார். 1992ல் அவர் மேற்கொண்ட புகழ்பெற்ற தென்பகுதிப் பயணத்தில், சிங்கப்பூரின் சமூக ஒழுங்கிலிருந்து கற்று, அதைவிடச் சிறப்பாகச் செய்ய வேண்டும் என்று பேசினார். அந்தப் பயணத்தில் ஷென்சென் முக்கிய நிறுத்தம். லியன்ஹுவா மலைப் பூங்காவின் உச்சியில், வேகமாக நடந்துவருவது போன்ற தோற்றத்தில் அவரது சிலை நிற்கிறது. 2019ல் சிங்கப்பூரும் ஷென்சென் நகரமும் அறிவார்ந்த நகரத் திட்டத்தில் கைகோத்தன. கற்றுக்கொடுத்தவர், கற்றுக்கொண்டவர் என்ற பழைய உறவு இருபக்கமும் கற்றுக்கொள்ளும் உறவாக மாறிவிட்டது.

சத்தமில்லாத சாலை

முதல் நாள் காலையில் சாலையைக் கடக்கக் காத்திருந்தபோது ஏதோ குறைவதுபோல் இருந்தது. சற்று நேரம் கழித்துத்தான் அது இயந்திர இரைச்சல் என்று புரிந்தது. 2017 இறுதியில் ஷென்சென் தன் பொதுப் பேருந்துகள் அனைத்தையும், 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகளை, மின்சாரத்துக்கு மாற்றி முடித்தது. அந்த அளவில் அதைச் செய்த முதல் பெருநகரம் அதுதான். அடுத்த ஓராண்டில் டாக்சிகளும் ஏறத்தாழ முழுமையாக மாறின.

பேருந்து வாங்க அரசாங்கம் பெரிய அளவில் மானியம் அளித்தது. பேருந்தைச் செய்யும் நிறுவனம் அதே நகரில் இருந்தது. பணிமனைகளில் மின்னூட்ட வசதிகள் முன்கூட்டியே அமைந்தன. மூன்றும் சேர்ந்ததால்தான் அது சாத்தியமானது. சிங்கப்பூர் தன் பொதுப் பேருந்துகளில் பாதியை 2030க்குள் மின்பேருந்துகளாக மாற்றத் திட்டமிட்டுள்ளது. சொந்தமாகப் பேருந்து தயாரிக்காத நமக்கு வேகம் வேறாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஒன்றில் ஷென்சென் நமக்கு முன்னால் இருக்கிறது என்று தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம்.

ரயிலும் அப்படித்தான். நமது எம்ஆர்டி 1987ல் ஓடத் தொடங்கியது. ஷென்சென் மெட்ரோ தொடங்கியது 2004ல்தான். இன்று அதன் தடங்களின் மொத்த நீளம் 500 கிலோமீட்டருக்கும் அதிகம். ஒவ்வொரு நிலையத்திலும் பைகளை ஊடுகதிர்ச் சோதனைக்கு வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எல்லாரும் அதற்குப் பழகியிருந்தனர். மூன்றாம் நாளில் அம்மாவும் கேட்காமலேயே பையைக் கழற்றி வைத்தார்.

இளையர்களின் நகரம்

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். 2020 கணக்கெடுப்பின்படி சீன மக்கள்தொகையில் 65 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் 13.5 விழுக்காடு. ஷென்சென் நகரில் அவர்கள் 3 விழுக்காட்டைச் சற்றே தாண்டினர். அதாவது நூறு பேரில் மூவர். அம்மாவின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

பூங்காவில் விடியற்காலையில் மூதாட்டிகள் சிலர் கூடி நடனமாடியதைப் பார்த்தோம். தள்ளுவண்டியில் குழந்தையுடன் நின்ற பாட்டிகளையும் பார்த்தோம். அவர்களில் பலர் பேரப்பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள வெளியூர்களிலிருந்து வந்து தங்குபவர்கள். “முதிய நாடோடிகள்” என்ற பொருளில் சீன மொழியில் அவர்களுக்குத் தனிப்பெயரே உண்டு.

ஷென்சென் இளமையாக இருப்பதற்குக் காரணம் அங்கு யாரும் மூப்படையாததல்ல. நாற்பது ஆண்டுகளாக நாடு முழுவதிலுமிருந்து இளையர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களில் பலர் வயதானதும் திரும்பிப் போகிறார்கள். இதைத் தீர்மானிப்பது “ஹுகோவ்” எனும் குடும்பப் பதிவு முறை. ஒருவர் எந்த ஊரில் பதிவு பெற்றிருக்கிறாரோ அந்த ஊரோடுதான் அவரது கல்வி, சமூகநல உரிமைகள் பெரிதும் பிணைக்கப்பட்டுள்ளன. 2020ல் ஷென்சென்வாசிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கே அந்நகரின் ஹுகோவ் இருந்தது. “வந்துவிட்டால் நீங்களும் ஷென்சென்காரர்தான்” என்பது அந்நகரின் பெயர்பெற்ற முழக்கம். பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்கும்போது பதிவும் வீடும் புள்ளிகளாக மாறுகின்றன. முழக்கம் சொல்வது ஒன்று, புள்ளி அட்டவணை சொல்வது மற்றொன்று.

அந்தக் காவலரின் மகள் பாட்டியிடம் வளர்வதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். பாட்டிக்குக் கிடைக்கக்கூடிய ஓய்வூதியமும் சிறிது. 2023ல் ஊரகத்தினரையும் வேலையில்லா நகரவாசிகளையும் உள்ளடக்கிய திட்டத்தில் சராசரி மாத ஓய்வூதியம் 200 யுவானைச் சற்றே தாண்டியது. நம் கணக்கில் ஏறத்தாழ 40 வெள்ளி. நகரின் பளபளப்புக்கான செலவில் ஒரு பங்கை, நகரைப் பார்த்தே இராத பாட்டிகள் எங்கோ கிராமத்தில் இருந்தபடி ஏற்கிறார்கள்.

கைகுலுக்கும் கட்டடங்கள்

ஃபூத்தியனின் கண்ணாடிக் கோபுரங்களிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஷுய்வெய் போன்ற “நகர்ப்புறக் கிராமங்கள்” வந்துவிடுகின்றன. வயல்களை நகரம் எடுத்துக்கொண்டபோது, மிஞ்சிய வீட்டு நிலத்தில் பழைய கிராமத்தினர் மாடிமேல் மாடியாகக் கட்டி வாடகைக்கு விட்டனர். ஒரு வீட்டின் சன்னலிலிருந்து எதிர்வீட்டுக்காரரிடம் கைகுலுக்கலாம் என்பதால் அவற்றுக்குக் “கைகுலுக்கும் கட்டடங்கள்” என்று பெயர். தலைக்குமேல் கம்பிகளும் காயும் துணிகளும்தான். வானம் ஒரு கோடாகத் தெரிந்தது.

பயணக் காணொளிகளில் இவை அதிகம் வருவதில்லை. ஆனால் நகரில் புதிதாக வந்து இறங்கும் இளையருக்கு முதல் வாடகை அறை இங்கேதான் கிடைத்தது. உணவு விநியோகிப்பவர், கடைச் சிப்பந்தி, அலுவலகத்தில் சேர்ந்த புதிய பட்டதாரி என எல்லாருக்கும் கட்டுப்படியான இடம் இதுதான். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்த பாய்ஷிஜோவ் போன்ற கிராமங்கள் மறுமேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டு வருகின்றன. சில இடங்கள் புதுப்பிக்கப்பட்டு அழகாகியுள்ளன. அழகானபின் பழைய வாடகை திரும்புவதில்லை.

இந்தச் சந்துகளில் உணவு விநியோக ஊழியர்கள் மின்ஸ்கூட்டரில் பாய்ந்துகொண்டே இருந்தனர். அவர்களது ஒவ்வொரு நிமிடத்தையும் செயலியின் கணக்கு துரத்துகிறது. சீனாவின் ‘ரென்வு’ இதழ் 2020ல் வெளியிட்ட நீண்ட கட்டுரை இதை நாடறியச் செய்தது. பெரிய விநியோக நிறுவனங்கள் சில, ஊழியர்களுக்குச் சமூகக் காப்புறுதி வழங்கப்போவதாக 2025ல்தான் அறிவித்தன. சிங்கப்பூரில் இணையத்தள ஊழியர்களுக்கு வேலையிடக் காய இழப்பீடும் மத்திய சேமநிதிப் பாதுகாப்பும் தரும் சட்டம் அதே ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. எதிலெல்லாம் யார் முன்னால் என்று பட்டியல் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இருந்தாலும் நாம் விரல் நீட்டுமுன் ஒரு கணம் நிற்பது நல்லது. நம் வீடுகளையும் ரயில் சுரங்கங்களையும் கட்டுபவர்களும் வெளியிலிருந்து இளமையில் வந்து, உடல் தளரும்போது ஊர் திரும்புபவர்கள்தானே. தமிழ்நாட்டிலிருந்து வந்து தெம்பனிஸிலும் துவாஸிலும் உழைப்பவர்களை அறிந்த நமக்கு, ஹுனான் காவலரின் கதை அந்நியமானதன்று. அவர்கள் வேறு நாட்டுக் குடிமக்கள். இவரோ சொந்த நாட்டுக்குள்ளேயே வெளியூர்க்காரர். வேறுபாடு அது. தொலைவிலிருந்து பேரப்பிள்ளையின் முகத்தைத் திரையில் பார்ப்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ரொக்கம் செல்லும், ஆனால்...

ஐந்து நாள்களில் பலமுறை அம்மா ரொக்கத்தை நீட்டினார். யாரும் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவில்லை. ஆனால் சில்லறை இல்லை. பழ வண்டிக்காரர் ஒருவர் 100 யுவான் தாளை வாங்கிக்கொண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கினார். அதன்பிறகு அம்மா காசை எடுக்கவே கூச்சப்பட்டு, “நீயே குடுத்துடும்மா,” என்று விலகி நின்றார். நாற்பது ஆண்டுகள் வீட்டு வரவுசெலவு பார்த்தவர், ஆரஞ்சுப் பழம் வாங்க மகளின் கைப்பேசிக்குக் காத்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

சீன அரசாங்கம் இதை அறியாமல் இல்லை. கொவிட்-19 காலத்தில் வங்கியில் முகமடையாளச் சரிபார்ப்புக்காக மூதாட்டி ஒருவரைத் தூக்கிப் பிடிக்கும் காணொளி 2020 நவம்பரில் பெரும் கொதிப்பை ஏற்படுத்தியது. அதே மாதம், மின்னிலக்கக் கருவிகளால் மூத்தோர் படும் சிரமங்களைத் தீர்க்க மத்திய அரசாங்கம் ஒரு திட்டத்தை வெளியிட்டது. ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று மத்திய வங்கியும் எச்சரித்தது. 2024 மார்ச்சில் மூத்தோருக்கும் வெளிநாட்டினருக்கும் பணம் செலுத்துவதை எளிதாக்க மீண்டும் வழிகாட்டுதல் வந்தது. நம் கடன்பற்று அட்டையை அலிபே, வீசாட் செயலிகளில் இணைத்துச் செலவழிக்க முடிவதும் அண்மைய ஆண்டுகளின் தளர்வுகளால்தான்.

விதி இருக்கிறது. ஆனால் நூறு வாடிக்கையாளரில் ஒருவர் மட்டும் ரொக்கம் கொடுத்தால், கடைக்காரர் சில்லறை வைத்திருக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பழைய வழி சட்டப்படி உயிரோடு இருந்தும் நடைமுறையில் மறைந்துபோவது இப்படித்தான்.

நமக்கான கணக்கு

இதனால்தான் “ஷென்சென் போல நாமும் எப்போது ஆவோம்?” என்ற கேள்வி எனக்கு நெருடுகிறது. சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் 65 வயதை எட்டிவிட்டார். 2030ல் அது ஏறக்குறைய நால்வரில் ஒருவராகும். நம் முதியவர்கள் வேறு ஊருக்குப் போகப்போவதில்லை. நம் நகரமே அவர்களது ஊர். நூறில் மூவர் முதியவராக இருக்கும் நகரில் பொருந்திய வேகத்தை, நூறில் இருபது பேர் முதியவராக இருக்கும் நகரில் அப்படியே பொருத்த முடியாது.

2024 ஜனவரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பழைய வகைப் பயண அட்டைகளை அவ்வாண்டு ஜூனுக்குள் நிறுத்திவிட்டு அனைவரையும் ‘சிம்ப்ளிகோ’ முறைக்கு மாற்றப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. புதிய முறையில், கட்டண வாயிலில் அட்டையின் மீதத் தொகை தெரியாது. அதைக் கைப்பேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது விளக்கம். மக்கள் ஏற்கவில்லை. இரண்டே வாரத்தில் முடிவு மாற்றப்பட்டது. பழைய முறையை நீட்டிக்க மேலும் 40 மில்லியன் வெள்ளி செலவாகும் என்று அரசாங்கம் தெரிவித்தது.

அப்போது நான் அந்த எதிர்ப்பை மாற்றத்துக்கு அஞ்சும் மனப்போக்கு என்றுதான் நினைத்தேன். வாயிலில் ஒரு நொடி தெரியும் அந்த எண்ணுக்காக இவ்வளவு பணமா என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. பழ வண்டி அருகே அம்மா ஒதுங்கி நின்றதைப் பார்த்த பிறகு என் எண்ணம் மாறியிருக்கிறது. தன் காசு எவ்வளவு என்று யாரையும் கேட்காமல் தானே தெரிந்துகொள்வது சிறிய விஷயமன்று. தனியாக வெளியே போய் வரும் துணிவே அதில்தான் தொடங்குகிறது.

மின்னிலக்க மாற்றத்தைத் தள்ளிப்போடுவது தீர்வாகாது. சமூக மன்றங்களில் மூத்தோருக்குக் கைப்பேசி சொல்லித்தரும் வகுப்புகள் நடக்கின்றன. அவை தொடர வேண்டும். அவற்றில் தமிழிலேயே பொறுமையாகச் சொல்லித்தரும் தொண்டூழியர்களாக நம் இளையர்கள் இன்னும் அதிகம் முன்வரலாம். அத்துடன் ஒவ்வொரு புதிய முறையும் வரும்போது, கைப்பேசி இல்லாமல் இதைச் செய்ய முடியுமா, யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்விகளுக்கும் பதில் இருக்க வேண்டும். அந்த இரவில் எங்களைக் காப்பாற்றியது செயலியன்று. மேசைக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். எந்த நகரமும் செலவைக் குறைக்க நினைக்கும்போது முதலில் நீக்க எண்ணுவது அந்த மேசையைத்தான்.

ஷென்சென் போய் வாருங்கள். பேருந்தில் ஏறுங்கள், ரயிலில் சுற்றுங்கள், கோபுரங்களையும் பாருங்கள். கூடவே கைகுலுக்கும் கட்டடங்களுக்கு இடையே ஒரு மாலை நடந்து பாருங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். நம் கண்ணில் படாதது அவர்கள் கண்ணில் படும்.

ஊர் திரும்பிய மறுநாள் அம்மா ஈசூன் சந்தைக்குத் தனியாகப் போனார். வரும்போது இரண்டு பை நிறையக் காய்கறி. “மிச்சம் எவ்வளவும்மா?” என்று கேட்டேன். பணப்பையைத் திறந்து சில்லறையை மேசையில் கொட்டி, ஒவ்வொரு காசாக எண்ணிச் சொன்னார்.